நூற்றுப் பதினேழு தலைக்கட்டு

ஆலங்கரட்டுக்கு பஸ் வராமல் போனதற்கு ராக்கையாவின் வாய்தான் காரணம். அதற்காக அவர் பொய் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொன்னார்; அதையும் மீசையைத் தடவிக்கொண்டு பெருமையாகச் சொன்னார். வினையே அதில்தான் வந்தது.

ஊர் இருந்த இடம் அப்படி. தேனியிலிருந்து புறப்படும் பஸ் கடமலைக்குண்டுச் சந்தையோடு திரும்பிவிடும். அங்கே இறங்கி, ஆற்றைக் கடந்து, வண்டிப்பாதை என்று பேருக்குச் சொல்லப்படும் முள்ளும் கல்லுமான தடத்தில் நாலு மைல் நடந்தால் கரட்டுக் குன்றின் அடியில் ஆலங்கரடு. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த நாலு மைலும் நாற்பது மைல்தான். பிள்ளை வலியில் துடிக்கிறவளையும் பாம்பு தீண்டியவனையும் கயிற்றுக் கட்டிலில் போட்டு, நாலு ஆள் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். ஓடுகிறவர்களின் மூச்சு பாதி வழியிலேயே நின்றுவிடும். கட்டிலில் கிடக்கிறவரின் மூச்சும் சில தடவை அங்கேயே நின்றதுண்டு.

அந்த நாலு தோளில் முதல் தோள் நல்லகண்ணுவுடையது. கட்டில் என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், தின்கிற கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவான். இடுப்பளவு வெள்ளத்தில்கூட ஒற்றை ஆளாக ஒருவரைத் தோளில் உட்காரவைத்து அக்கரை சேர்த்துவிடுவான். ஊர்ப் பெரியவரான ராக்கையாவே விஷக்காய்ச்சலில் அவன் தோளில் ஆறு தாண்டியவர்தான்.

அவன் பெண்டாட்டி மாயக்காள் இந்த ஊருக்குள் வந்ததே அவன் தோளில்தான். கல்யாணத்தன்று ஆற்றில் செந்தண்ணீர் இறங்கிவிட்டது. பெண்ணை ஏற்றி வந்த வண்டி அக்கரையிலேயே நின்றுபோனது. பெரியவர்கள் நல்ல நேரம் போகிறதே என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். இரண்டு கரையிலும் ஊரே சிரிக்க, புதுச் சேலையோடு அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். நட்டாற்றில் வைத்து, "பயமா இருக்கா?" என்று கேட்டான். அவள் அவன் தலைமுடியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இல்லை என்றாள். மண்டைத்தோலே கழன்று வந்துவிடும்போல வலித்தது என்று அவன் மறுநாள்தான் சொன்னான்.

அப்புறம் மூன்று வருஷம் மழை பொய்த்தது. ஊரில் பாதி ஆம்பளைகள் ஏலமலைக்குப் போனார்கள். நல்லகண்ணுவும் கம்பமெட்டு ஏறிப் போனான். தைக்குள் வந்துவிடுகிறேன் என்றான். போன மற்றவர்கள் திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. மேல்மலைக்குப் போயிருக்கிறான், ரங்கூனுக்குக் கப்பல் ஏறிவிட்டான் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எட்டு வருஷம் கழித்து, மாடு வாங்கப் போன ஒருவர் உண்மையான தாக்கல் கொண்டுவந்தார். காட்டில் மரம் சாய்ந்து அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. காமயகவுண்டன்பட்டியில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவல் இருக்கிறான்.

ராக்கையா நல்ல மனுஷர். தன்னைத் தோளில் சுமந்தவன் என்ற நன்றி அவருக்கு உண்டு. வண்டியில் கட்டிலைப் போட்டு நாலு ஆளை அனுப்பினார். நல்லகண்ணு அந்தக் கட்டிலைப் பார்த்தான். ஊர்ப் பொதுக்கட்டில்தான், அவன் எத்தனையோ தடவை தூக்கியது. அவன் முகம் சுண்டிப்போய்விட்டது என்று போனவர்கள் வந்து சொன்னார்கள்.

"இதுல என்னையப் படுக்கப் போட்டு ஊருக்குள்ள கொண்டுபோவீகளோ? ஊரைத் தூக்குனவனைய ஊரு தூக்கணுமாக்கும். போங்கப்பா. நம்மூருக்கு பஸ்ஸு வரட்டும். பஸ்ஸுல எல்லாரும் உக்காந்துதான வாராக, நானும் உக்காந்து வாரேன். அவளை இங்கன வரவேண்டாம்னு சொல்லுங்க. நானே வாரேன்."

மாயக்காள் அதைக் கேட்டு அழவில்லை. 'நானே வாரேன்' என்ற ரெண்டு வார்த்தையை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். பஸ் வந்தால் அவர் வருவார். இதற்குமேல் அவளுக்குக் கணக்கு ஒன்றும் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை.

அவளுக்காகத்தான் ராக்கையா தேனிக்கே போய் பஸ் முதலாளி வைகுண்டராஜைப் பார்த்தார். கடைவீதியில் மண்டி வைத்து, ரெண்டு பஸ்ஸும் ஓட்டிய மனுஷர் அவர். உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று கேட்டார். ராக்கையா மீசையைத் தடவிக்கொண்டு, "நூத்திப் பதினேழு" என்றார். முதலாளி சிரித்துவிட்டார். நூத்திப் பதினேழு பேருக்கு எதற்கய்யா பஸ், ரெண்டு மாட்டுவண்டி போதுமே, ஐந்நூறு பேராவது இருக்கிற ஊர் என்றால் பார்க்கலாம் என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். ராக்கையாவுக்கு மூக்கு உடைந்ததுபோல் ஆகிவிட்டது. தேனிக்காரன் நம்மைக் கிள்ளுக்கீரையாக நினைக்கிறான், அவன் பஸ்ஸே நமக்கு வேண்டாம் என்று வந்து ஊர் கூடும் மந்தையில் சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார். ஊரும் ஆமாம் போட்டது. ரெண்டு வருஷம் ஓடிப்போனது.

அதற்கடுத்த தை மாதம் மாயக்காள் தன் அரைக் குறுக்கம் நிலத்தில் விளைந்த மொச்சையைத் தலையில் வைத்துக் கடமலைக்குண்டு வரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் தேனி மண்டிக்கே கொண்டுபோனாள். உள்ளூர்ச் சந்தையிலேயே தள்ளிவிட்டு வரலாம், வேண்டுமென்றேதான் போனாள். மொச்சையைக் கொட்டிவிட்டு, போகாமல் முதலாளி முன்னால் நின்றாள்.

"எங்க ஊருக்கு ஏன் முதலாளி பஸ் விடமாட்டேங்கிறீக?"

உங்கள் ஊரில் இருப்பதே நூத்திப் பதினேழு பேர்தானாமே, உங்கள் பெரியவர்தானே சொன்னார் என்றார் அவர். மாயக்காளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணில் தண்ணீரும் வந்தது.

"அந்த நூத்திப் பதினேழுல நான் இல்லை முதலாளி. எங்க ஊர்ப் பொம்பளை ஒருத்திகூட இல்லை. பிள்ளை குட்டிக இல்லை. அது கோயில் வரிக்குத் தலைக்கட்டு. கல்யாணமான ஆம்பளைகளை மட்டும் எண்ணுறது."

விஷயம் அவ்வளவுதான். ஆலங்கரட்டில் எத்தனை பேர் என்று எவர் கேட்டாலும் வருகிற பதில் அது ஒன்றுதான். காளியம்மன் பொங்கலுக்கு யார் யார் தலைக்கு வரி, யார் யார் வீட்டுக்குப் பிரசாதம் என்பதற்கு அந்த எண் போதும். அதற்குமேல் ஆளை எண்ண அங்கே யாருக்கும் எந்த வேலையும் வந்ததில்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த நூத்திப் பதினேழில் நல்லகண்ணு இருந்தான். புருஷன் பேர் அடிபட்டுப் போகக்கூடாது என்று பதினோரு வருஷமாக மாயக்காள் அவன் வரியைத் தவறாமல் கட்டிவந்தாள். ஊரில் இல்லாதவன் கணக்கில் இருந்தான், ஊரிலேயே கிடக்கிறவள் கணக்கில் இல்லை.

முதலாளி நியாயஸ்தர்தான். மாசியில் சர்க்கார் ஜனக்கணக்கு எடுக்கப் போகிறார்கள், அந்தக் கணக்கில் ஐந்நூறு காட்டிவிட்டு வா, நீங்கள் பாதையைப் போட்டுக் கொடுங்கள், பெர்மிட் வாங்குவது என் பாடு என்றார்.

அவள் நேரே ராக்கையாவின் மாட்டுக்கொட்டத்துக்குப் போய் இதைச் சொன்னாள். ராக்கையா கையிலிருந்த வைக்கோலோடு அப்படியே நின்றுவிட்டார். ரெண்டு வருஷம் ஊரையே ரோஷப்பட வைத்தாயிற்று, தப்பு தன் வாயில் இருந்திருக்கிறது. பாவம், அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் அவரே தமுக்கு அடிக்கச் சொல்லி, ஒரு தலைகூட விடாமல் சொல்லவேண்டும் என்று ஊருக்கு அறிவித்தார்.

அறிவித்தால் ஆயிற்றா? கணக்கெடுக்க வந்தவர் கடமலைக்குண்டுப் பள்ளிக்கூடத்து ஏசுதாசன் வாத்தியார். குடையும் தோல்பையுமாக வந்து முதல் வீட்டில் நின்றார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். உள்ளே ஆறு பிள்ளைகள் முட்டிக்கொண்டு கிடக்க, அந்தத் தாய் "ரெண்டு" என்றாள். பெற்ற பிள்ளையை எண்ணிச் சொன்னால் கண்பட்டுப் போகாதா? அதிலும் யுத்தம் நடக்கிற காலம். ஆம்பளைப் பிள்ளைகளை எழுதிக்கொண்டு போய்ப் பட்டாளத்துக்குப் பிடிப்பார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். அது போகட்டும், புருஷன் பேர் என்ன என்று கேட்டார் வாத்தியார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்கிற வழக்கம் எங்கே இருக்கிறது? ஆம்பளைகளோ காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். வாத்தியார் குடையை மடக்கித் தரையில் ஊன்றிவிட்டார்.

மாயக்காள்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். எத்தனை என்று கேட்காதீர்கள், பேரைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தாள். பேர் சொல்வதில் கண் படாது. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளின் பேரைக் கூப்பிடச் சொன்னாள். புருஷன் பேருக்கு அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் பேருக்கு இவள். இப்படி ஒருத்தி புருஷனை இன்னொருத்தி சொல்லிச் சொல்லி, சிரிப்பும் கேலியுமாக மூன்று நாளில் ஊர் முழுவதும் காகிதத்தில் ஏறியது. ஒற்றைக்கிழவி சங்கிலியம்மாள், யாருமே தன்னைப் பேர் கேட்டு நாற்பது வருஷம் ஆயிற்று என்று சொல்லி, வாத்தியாருக்கு ஒரு கை கடலை கொடுத்தாள்.

கடைசி வீடு மாயக்காளுடையது. கரட்டை ஒட்டித் தனியாக இருந்தது, பக்கத்தில் பேர் சொல்ல ஆளில்லை. வாத்தியார் கேட்டார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தடவையும் வாயால் சொல்லாத பேரைச் சொன்னாள்.

"நல்லகண்ணு."

சொன்னதும் அவளுக்கு இன்னொரு தடவை சொல்லவேண்டும்போல இருந்தது.

வாத்தியார் எழுதப் போனவர் நிமிர்ந்தார். அவர் இங்கே இருக்கிறாரா என்றார். இல்லை, பஸ் வந்ததும் வந்துவிடுவார் என்றாள். அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டே, "இருக்கிற ஊருலதான்மா எழுதுவாக. ஒரு ஆளை ரெண்டு ஊருல எழுதக்கூடாது" என்றார். குரலில் கடுமை இல்லை. அந்த வீட்டுக்கு ஒன்று என்று எழுதினார். புருஷன் பேர் ஏறவில்லையே என்று மாயக்காளுக்கு இருந்தது. ஆனாலும் முதல் தடவையாகத் தன் பேரை ஒருவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆலங்கரட்டின் ஜனத்தொகை ஐந்நூற்று எண்பத்தொன்று. ராக்கையா அந்த எண்ணைக் கேட்டு, நாம் இத்தனை பேரா என்று மந்தையில் உட்கார்ந்து வாயைப் பிளந்தார்.

பாதை போட ஒரு கோடை முழுக்கப் பிடித்தது. தலைக்கட்டுக்கு ஒரு ஆள் என்று பேச்சு. நல்லகண்ணு தலைக்கட்டை விட்டுவிடலாம் என்றார்கள். மாயக்காள் கேட்கவில்லை. அவர் தலைக்கட்டுக்கு நான் வருகிறேன் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆம்பளைகளுக்கு நடுவே ஒருத்தி மண் சுமப்பதைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த வாரம் அந்த நாலு பேரின் பெண்டாட்டிகளும் கூடையோடு வந்துவிட்டார்கள். ஆற்றுக்குள் கல் பாவினார்கள். பெரிய மழைக்கு பஸ் தாண்டாது, மற்ற நாளெல்லாம் தாண்டிவிடும் என்று முதலாளி வந்து பார்த்துச் சொன்னார். கல்யாணத்தன்று நல்லகண்ணு தன்னைத் தோளில் வைத்து நடந்த இடத்தில், மாயக்காள் தன் கையால் பொறுக்கிய கற்களைப் போட்டாள்.

அடுத்த தையில் பஸ் வந்தது. யுத்தகாலத்து பஸ் அல்லவா, முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, புகையும் இருமலுமாகக் கரடு நோக்கி ஏறிவந்தது. மாடுகள் கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஓடின. பெண்கள் குலவை போட்டார்கள். ராக்கையா பஸ்ஸுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாயக்காள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கல்யாணச் சேலையை எடுத்து உடுத்தி, பஸ்ஸின் வாசலுக்கு நேரே நின்றாள். இறங்கியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரையும் பார்த்தாள்.

கம்பத்துப் பக்கம் போன ஒரு மாட்டுத் தரகரிடம் அவள் முன்னாலேயே சொல்லிவிட்டிருந்தாள், தை பிறந்ததும் பஸ் வருகிறது என்று. தாக்கல் போய்ச் சேர நேரமாகியிருக்கும் என்று நினைத்தாள். மறுநாளும் போய் நின்றாள். காலையில் வருகிற பஸ்ஸுக்கும் நின்றாள், சாயந்திரம் வருகிற பஸ்ஸுக்கும் நின்றாள். முதலில் ஊர் இரக்கப்பட்டது. அப்புறம் கேலி பேசியது. அப்புறம் அவள் அங்கே நிற்பதே யாருக்கும் கண்ணில் படவில்லை. இருபத்திரண்டு நாள் கால் கடுக்க நின்றாள். எத்தனையோ வருஷம் வராத ஆளைத் தாங்கிக்கொண்டவளுக்கு, இந்த இருபத்திரண்டு நாளைத் தாங்க முடியவில்லை. பஸ் இல்லாதவரை அவர் வராததற்கு பஸ் காரணமாக இருந்தது. இப்போது காரணம் எது?

இருபத்து மூன்றாம் நாள் காலை அவளே பஸ்ஸில் ஏறினாள். வரவேண்டாம் என்று அவர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள். தேனியில் மாறி, கம்பத்தில் மாறி, காமயகவுண்டன்பட்டியில் இறங்கும்போது பொழுது மேற்கே சாய்ந்திருந்தது.

தோப்புக்குள் ஓலைக் குடிசை. வாசலில் ஒருவர் உட்கார்ந்து மட்டையிலிருந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. பக்கத்தில் கவட்டுக்கட்டை கிடந்தது. வலது பக்கத்து வேட்டி முழங்காலுக்குக் கீழே வெறுமனே தரையில் படிந்து கிடந்தது. அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள். அவர் கை நின்றது. தலையை நிமிர்த்தாமலே, "மாயி" என்றார்.

எத்தனையோ கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்தாள். பஸ் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

தரகர் சொன்னார் என்றார் நல்லகண்ணு. தனக்குத்தான் நம்பிக்கை வரவில்லையாம். அப்புறம் ஓலையைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சொன்னார்.

"நம்ம ஊருக்காவது பஸ்ஸாவது, என் காலத்துல வராதுன்னு நெனச்சுத்தான் புள்ள அப்பிடிச் சொன்னேன். வரமாட்டேன்னு சொல்ல வாய் வரலை."

மாயக்காளுக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நாலு மைல் மண் சுமந்தவள் அவள். ஊரையே பேர் சொல்ல வைத்தவள். எழுந்து போய்விடலாம் என்று எழுந்தாள். எழுந்தவள் கண்ணில் கதவு நிலையில் தாரால் எழுதிய நம்பர் பட்டது. அவள் வீட்டு நிலையிலும் ஏசுதாசன் வாத்தியார் அப்படி ஒரு நம்பர் எழுதியிருந்தார். இங்கேயும் கணக்கெடுக்க வந்தார்களா என்று கேட்டாள், கேட்க வேறு ஒன்றும் தோன்றாததால்.

வந்தார்கள் என்றார். இந்தக் குடிசையில் எத்தனை பேர் என்று கேட்டார்களாம். ரெண்டு என்று சொல்லிவிட்டாராம்.

அவள் குடிசைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பாய், ஒரு பானை, ஒரு வட்டில்.

"ரெண்டாவது ஆரு?"

"நீதான். மாயக்காள்னு சொன்னேன். தண்ணிக்குப் போயிருக்கான்னு சொன்னேன்."

மாயக்காள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறந்ததிலிருந்து எந்தக் கணக்கிலும் வராதவள், ஒரே மாசியில் ரெண்டு ஊரில் எழுதப்பட்டிருக்கிறாள். அவள் அவர் பேரை எழுதச் சொல்லிக் கேட்டு நடக்கவில்லை. யாரும் கேட்காமலேயே இவர் பொய் சொல்லி அவளை எழுதிவைத்திருக்கிறார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு வருஷத்து அழுகை, நிற்க நேரம் பிடித்தது.

மறுநாள் காலை அவர் தாடியை மழித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். கவட்டுக்கட்டையை ஊன்றி, அவளுக்கு முன்னாலேயே நடந்து ரோட்டுக்கு வந்துவிட்டார். கம்பம் போகிற பஸ் வந்து நின்றது. அவள் ஏறி, ஜன்னலோரம் அவருக்கு இடம் பிடித்துவிட்டுத் திரும்பினாள். அவர் கீழே நின்று பஸ்ஸின் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து பஸ் படி முழங்கால் உயரம் இருக்கும். கட்டையை மேலே ஊன்றி, ஒற்றைக் காலால் எம்பினார். கட்டை வழுக்கியது. மறுபடி எம்பினார். கண்டக்டரும் இன்னொருவரும் நல்ல எண்ணத்தோடுதான் குதித்து இறங்கி, அவர் ரெண்டு கக்கத்திலும் கை கொடுத்து, "தூக்குங்க, தூக்குங்க" என்றார்கள்.

நல்லகண்ணு கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டார். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

படிக்குப் பக்கத்திலேயே ஒரு பலகைக் கல் கிடந்தது. அதை நகர்த்திப் போட்டால் ஏறிவிடலாம். மாயக்காளுக்கு அது தெரிந்தது. இதற்குப் பின்னால் கம்பத்தில் ஒரு படி, தேனியில் ஒரு படி, கடைசியில் ஆலங்கரட்டில் ஊரே கூடி நின்று கை நீட்டுகிற ஒரு படி என்பதும் தெரிந்தது. அவள் கையை நீட்டாமல் அவர் முகத்தையே பார்த்தாள். நீ போ, அடுத்த வாரம் பார்ப்போம் என்றார் அவர். அடுத்த வாரமும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை என்று அவர் கண் சொன்னது. பஸ் நகர்ந்தது. ஜன்னலோரத்து இடத்தில் கம்பம் வரைக்கும் அவள் யாரையும் உட்காரவிடவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அவள் பஸ்ஸுக்குப் போய் நிற்கவில்லை. காட்டு வேலை பார்த்தாள், மொச்சைக்கொடியை அறுத்து மாட்டுக்குப் போட்டாள். சித்திரையில் காளியம்மன் பொங்கலுக்கு வரி போட ராக்கையா வீடு வீடாக வந்தார். நல்லகண்ணு தலைக்கட்டு என்று ஆரம்பித்தார்.

"அந்தப் பேரை அடிச்சிருங்க மாமா."

ராக்கையா பதறிப்போனார். இருக்கிறவன் பேரை அடிப்பதா, அதை எப்போது அடிப்பார்கள் என்று தெரியாதா, வாயில் என்ன பேச்சு வருகிறது என்றார். மாயக்காள் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டே சொன்னாள்.

"அவரு அங்கன குடும்பத்துல ரெண்டு பேருன்னு எழுதி வச்சிருக்காரு மாமா. நான் போகலைன்னா அவரு சொன்னது பொய்யாப் போயிரும்ல."

ராக்கையாவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். இந்த ஊருக்கு பஸ்ஸைக் கொண்டுவந்தவளே நீதானே ஆத்தா என்றார். ஆமாம், அவரைக் கொண்டுவரத்தான் கொண்டுவந்தேன், அது என்னைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இந்த வீடு, இந்தக் கரடு, அரைக் குறுக்கம் நிலம், தான் முடிபிடித்து வந்து இறங்கிய இந்த ஊர்; எல்லாவற்றையும் விட்டுப் போகவேண்டும் என்பது அவளுக்கு இனித்தா கிடந்தது? அவருக்காகக் காத்துக் கிடந்த இடமே அவளுக்கு வீடாகிப்போயிருந்தது. அவரிடம் போனாலும் இனி இந்த வீட்டுக்கு ஏங்கிக்கொண்டேதான் இருப்பாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நிலத்தைச் சங்கிலியம்மாளின் அக்காள் மகனிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, பொங்கல் முடிந்த மறுநாள் கிளம்பினாள். ஒரு பானை, ஒரு வட்டில், ரெண்டு சேலை. ஊரே பஸ்ஸடியில் நின்றது. ஐந்நூற்று எண்பத்தொன்றில் ஒன்று போகிறதே என்று ராக்கையா யாரிடமோ முனகினார். பஸ் கிடைத்த பிறகு ஊரைவிட்டே போன முதல் ஆள் அவள்தான். பின்னால் நிறையப் பேர் போனார்கள், அது வேறு கதை.

ஆற்றில் முந்தின நாள் பெய்த மழைக்கு முழங்காலளவு தண்ணீர் ஓடியது. டிரைவர் நிறுத்திப் பார்த்துவிட்டு, போகலாம் என்று இறக்கினான். பாவிய கல்லில் சக்கரம் ஏறி இறங்கி பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாயக்காள் முன்சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் செம்மண் நிறத்தில் போனது.

சீட்டுக் கிழிக்க வந்த கண்டக்டர் அவள் பிடித்த பிடியைப் பார்த்துச் சிரித்தான்.

"பயமா இருக்கா ஆத்தா?"

"இருக்கு," என்றாள் மாயக்காள்.